போர் நடக்கும் ஊரில் குழந்தைகளுக்கு நூலகம் திறப்பது பற்றி

போர் நடக்கும் பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்குப் பொது நூலகம் திறப்பது நடக்கக்கூடிய காரியமா, அதற்குச் சென்னையில் இருக்கும் ஒரு சிறிய நண்பர் குழு உருப்படியாக என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். "சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும், உயிருக்கே உத்தரவாதம் இல்லாத இடத்தில் புத்தகம் எதற்கு" என்று உங்கள் குழுவிலேயே சிலர் தயங்குவதாகவும், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பழைய புத்தகங்களைத் திரட்டி அனுப்பலாமா என்று வேறு சிலர் யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் பொது நூலகப் பணியில், பெரும்பாலும் குழந்தைகள் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் வாழும் முகாம்களில் வாசிப்பு அறைகளுக்கு உதவி வருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நடக்கக்கூடிய காரியம்தான், பல நாடுகளில் நடந்தும் இருக்கிறது. ஆனால் திறப்பு விழாவுக்கு ஆகும் உழைப்பைவிடப் பல மடங்கு உழைப்பு, அதே கதவை அடுத்த ஆண்டும் அதே நேரத்தில் திறந்து வைப்பதற்கு ஆகும். நான் கீழே சொல்லப்போவது பெரும்பாலும் அந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

தயங்குபவர்களின் கேள்வியை ஒதுக்கிவிட வேண்டாம். குண்டு விழும் நேரத்தில் குழந்தைக்கு முதலில் வேண்டியது பதுங்க ஓர் இடமும் குடிக்கத் தண்ணீரும்தான். அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் போர் சில நாள்களில் ஓய்ந்துவிடுவதில்லை. இலங்கையில் 1983-இல் மூண்ட போர் 2009-இல்தான் முடிந்தது. 1983 ஜூலையில் பிறந்த ஒரு குழந்தைக்கு அது முடிந்தபோது இருபத்தைந்து வயது கடந்திருந்தது. "எல்லாம் அடங்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அந்தக் குழந்தையிடம் சொல்லியிருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதும், கதைப் புத்தகமே கதி என்று கிடக்கும் வயதும், அவற்றுக்குப் பின் வரும் பள்ளிப் பருவமும் முழுக்கக் காத்திருப்பிலேயே கழிந்திருக்கும். உலகில் சுமார் 47.3 கோடிக் குழந்தைகள், அதாவது ஆறு பேரில் ஒருவருக்கும் மேல், மோதல் நடக்கும் பகுதிகளில் வாழ்கிறார்கள் என்று யுனிசெஃப் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் கணக்கிட்டது. அவர்களில் மிகப் பலருக்குக் குண்டு விழும் நாளைவிட, விழுமோ என்று வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாளே அதிகம். பள்ளி மூடியிருக்கும், தெருவில் விளையாட விட மாட்டார்கள், பெரியவர்கள் தங்கள் கவலையில் இருப்பார்கள். அந்த நீண்ட வெற்று நாள்களுக்காகத்தான் நூலகம். 1989-இல் ஏற்கப்பட்ட குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் பண்பாட்டு வாழ்வில் பங்கு பெறுவதையும் குழந்தையின் உரிமை என்கிறது. 17-ஆவது பிரிவு குழந்தை நூல்களை உருவாக்கவும் பரப்பவும் அரசுகளைத் தூண்டுகிறது. போர் வந்தால் இவற்றை நிறுத்தி வைக்கலாம் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

இதே தயக்கத்தை 1945-இல் நேருக்கு நேர் சந்தித்தவர் யெல்லா லெப்மன். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளின் ஆட்சியில் லண்டனுக்குத் தப்பிச் சென்றவர், போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் ஆலோசகராகத் தம் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்ன தேவை என்று பார்ப்பது அவருடைய பொறுப்பு. நகரங்கள் இடிபாடுகளாகக் கிடந்தன. உணவுக்கு வரிசை நின்றது. அந்த நிலையில் அவர் பல நாடுகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் நாட்டின் சிறந்த குழந்தை நூல்களை அனுப்புங்கள் என்று கேட்டார். ஜெர்மனியின் படையெடுப்புக்கு இரண்டு முறை ஆளான பெல்ஜியம் முதலில் மறுத்தது. அவர் விடவில்லை, மறுபடியும் எழுதினார், பெல்ஜியத்திலிருந்தும் நூல்கள் வந்தன. 1946 ஜூலையில் மூனிக் நகரில் அந்த நூல்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 1949-இல் அதே நகரில் அவை பன்னாட்டு இளைஞர் நூலகமாக வளர்ந்தன. அந்த நூலகம் இன்றும் இயங்குகிறது. சண்டை போட விருப்பமில்லாத ஒரு காளையின் கதையை அவரே ஜெர்மனில் மொழிபெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 படிகள் அச்சிட்டு, பெர்லின் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். அந்தக் குழந்தைகளுக்குப் போரைப் பற்றிய பாடமோ தோற்ற நாட்டுக்கான அறிவுரையோ அவர் அச்சிடவில்லை, சிரிக்க வைக்கும் ஒரு கதையை அச்சிட்டார் என்பதைக் கவனியுங்கள். நூல் தேர்வைப் பற்றிப் பேசும்போது இதற்கு மீண்டும் வருகிறேன்.

நமக்கு இன்னும் நெருக்கமானது யாழ்ப்பாணப் பொது நூலகம். எரிந்த நூலகமாகவே அதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்; அது எப்படித் தொடங்கியது என்பது உங்களைப் போன்ற ஒரு குழுவுக்கு அதைவிடப் பயன்படும். 1933-இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934-இல் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஆஸ்பத்திரி வீதியில் ஒரே ஓர் அறையில் 844 நூல்களோடு நூலகம் அமைத்தார்கள். எல்லோரும் படத்தில் பார்க்கும் அந்த வெள்ளைக் கட்டடம் 1959-இல்தான் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த நரசிம்மன் சென்னையிலிருந்து போனவர். ஆலோசனை சொன்னவர், இந்திய நூலக இயலின் முன்னோடியான நம்முடைய எஸ். ஆர். ரங்கநாதன். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு அதற்குப் பிறகு 1967-இல் சேர்ந்தது. அதாவது, ஓர் அறையிலிருந்து கட்டடத்துக்கு வர இருபத்தைந்து ஆண்டு ஆயிற்று. அந்த இருபத்தைந்து ஆண்டும் இரவல் நடந்துகொண்டே இருந்தது. 1981 மே மாத இறுதியில் தொடங்கிய வன்முறையில் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் தீக்கிரையாயின. மக்கள் மறுபடியும் வீடு வீடாக நூல் சேர்த்தார்கள். 1984-இல் கட்டடத்தின் ஒரு பகுதி திறக்கப்பட்டது. மறு ஆண்டே அருகில் இருந்த காவல் நிலையம் தாக்கப்பட்ட பிறகு, நூலகத்துக்குள் இலங்கைப் படையினர் புகுந்து வெடி வைத்தார்கள். முழுமையாக மீண்டும் இயங்க இருபது ஆண்டுகளுக்கு அருகில் ஆயிற்று.

1981-இல் நடந்தது வேண்டுமென்றே செய்த அழிப்பு. அதற்கு எந்த முன்னெச்சரிக்கையும் ஈடாகாது. ஆனால் 1985-இல் நடந்தது இடத்தைப் பற்றிய ஒரு பாடம். காவல் நிலையம், படை முகாம், சோதனைச் சாவடி, தொலைத்தொடர்பு கோபுரம், எரிபொருள் கிடங்கு, பாலம் இவற்றுக்கு அருகில் குழந்தை நூலகம் அமையக் கூடாது. அரசு இலவசமாக இடம் தருகிறது என்பதற்காகக் காவல் நிலையத்துக்கு அடுத்த கட்டடத்தை ஏற்றுக்கொள்ளும் குழுக்கள் உண்டு. வாடகை கொடுத்தாவது தள்ளிப் போவதுதான் சரி. போராடும் எந்தத் தரப்பும் ஆயுதத்தோடும் சீருடையோடும் உள்ளே வரக் கூடாது, கூட்டம் நடத்தக் கூடாது, இரவில் தங்கக் கூடாது என்பதை முதல் நாளே ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பள்ளிகளைப் படைகள் பயன்படுத்தக் கூடாது என்று 2015-இல் ஒஸ்லோவில் பல நாடுகள் சேர்ந்து அறிவித்த பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனம் இந்தப் பேச்சுக்கு ஒரு பிடிமானம் தரும். பண்பாட்டுச் சொத்துகளைப் போரில் காக்க 1954-இல் உருவான ஹேக் உடன்படிக்கையும் இருக்கிறது. ஆனால் தாளில் இருக்கும் பாதுகாப்பை நம்பிக் கூரையில் அந்த உடன்படிக்கையின் பாதுகாப்புச் சின்னத்தை வரைவதா வேண்டாமா என்பதை வெளியில் இருக்கும் நாம் முடிவு செய்யக் கூடாது. சில இடங்களில் சின்னம் காப்பாற்றும், சில இடங்களில் அதுவே இலக்கைக் காட்டிக் கொடுக்கும். அதை அங்கேயே வாழ்பவர்கள்தான் அறிவார்கள்.

அறையைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். இரண்டு வாசல் கட்டாயம். கண்ணாடி ஜன்னலுக்கு அடியில் குழந்தைகளை உட்கார வைக்கக் கூடாது. கண்ணாடியை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடிப்பது நல்லது, முடியாவிட்டால் அகலமான ஒட்டு நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்ட வேண்டும். உயரமான அலமாரி வேண்டாம். அதிர்ச்சியில் சரிந்தால் குழந்தைகள் மேல் விழும். நேரம் எப்போதும் பகலில், ஊரடங்கு தொடங்குவதற்கு முன் கடைசிக் குழந்தை வீடு போய்ச் சேரும்படி இருக்க வேண்டும். ஒரு பெரிய நூலகத்துக்கு அரை மணி நேரம் நடந்து வர வைப்பதைவிட, நான்கு தெருவுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்து வைப்பதே மேல். ஒன்று மூடினாலும் மற்றவை நடக்கும்.

இடமே இல்லாத ஊரில் நூலகம் நகர்ந்து போகலாம். 1931-இல் மன்னார்குடியில் ஒரு மாட்டுவண்டியில் நூல்களை அடுக்கிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போன முன்னோடி முயற்சி நம்மிடமே இருக்கிறது. காபூலில் 2018-இல் ஃப்ரெஷ்தா கரீம் தொடங்கிய சார்மக்ஸ் அமைப்பு, பழைய நகரப் பேருந்துகளைக் குழந்தை நூலகமாக்கித் தெருத் தெருவாக நிறுத்தியது. எல்லைகளற்ற நூலகங்கள் என்ற பிரெஞ்சு அமைப்பு 2014-இல் புருண்டியில், காங்கோ அகதிகளின் முகாம்களில், ஐடியாஸ் பாக்ஸ் என்ற பெட்டித் தொகுதியை முதன்முதலாக இறக்கியது. இருபது நிமிடத்தில் விரித்தால் சுமார் 100 சதுர மீட்டர் இடத்தில் நூல்கள், கணினிகள், திரை, விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் அமைந்துவிடும். ஆயிரக்கணக்கானோர் தங்கும் முகாமுக்கு அது நல்ல ஏற்பாடு; உங்களைப் போன்ற ஒரு குழுவால் அந்தச் செலவைத் தாங்க முடியாது, தாங்க வேண்டிய அவசியமும் இல்லை. நல்ல பூட்டுப் போட்ட இரண்டு தகரப் பெட்டிகளில் முந்நூறு சிறு நூல்கள் அடங்கும். மழைக்கு ஒரு தார்ப்பாய், உட்கார இரண்டு ஜமுக்காளம், அவசரத்தில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகக்கூடிய எடை. நூறு குழந்தைகளுக்கு இது போதுமான தொடக்கம்.

இப்போது ஆளைப் பற்றி. நன்கொடை தருபவர்கள் கட்டடத்துக்கும் நூலுக்கும் மனமுவந்து தருவார்கள். மாதச் சம்பளம் என்றதும் கை பின்வாங்கும். என் அனுபவத்தில் குழந்தை நூலகங்கள் மூடிப்போவதற்கு இதுவே முதல் காரணம். சென்னையில் நாம் ஒவ்வொருவரும் கட்டும் சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்ந்து போகிறது. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், இந்தியாவில் இத்தகைய முதல் சட்டங்களில் ஒன்று, அந்த வரிக்கு வழி செய்தது. கன்னிமாரா நூலகத்திலும் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவின் கதவு காலையில் திறக்கிறது என்றால், அதைத் திறக்கும் ஊழியருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்து சேர்வதும் ஒரு காரணம். போர் நடக்கும் ஊரில் வரி வசூலிக்க மாநகராட்சியே இருக்காது. அந்த இடத்தைத்தான் வெளியில் இருக்கும் நீங்கள் நிரப்ப வேண்டும். ஒரு லட்சம் ரூபாயை ஒரே முறையாகக் கொடுப்பதைவிட, மாதம் சில ஆயிரத்தை மூன்று ஆண்டுக்குத் தடங்கலின்றிக் கொடுப்பது பல மடங்கு பயன் தரும்.

அந்த ஊழியர் வெளியூர்த் தொண்டராக இருக்கக் கூடாது. சண்டை மூளும்போது வெளியூர்க்காரரை அவருடைய அமைப்பே திருப்பி அழைத்துக்கொள்ளும். அன்றைக்குத்தான் குழந்தைக்கு ஒரு தெரிந்த முகம் தேவைப்படும். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் ஒரு பெண்ணோ, பள்ளி மூடப்பட்டதால் சம்பளம் நின்றுபோன ஓர் ஆசிரியரோ எல்லா ஊரிலும் இருப்பார்கள். எப்போதும் இருவராக நியமியுங்கள். ஒருவர் ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் மற்றவர் நடத்துவார் என்பது ஒரு காரணம். பெரியவர் ஒருவர் குழந்தையோடு தனித்து இருக்கக் கூடாது என்ற பாதுகாப்பு விதி அதைவிட முக்கியமான காரணம். அவர்களுக்கு நூற்பகுப்பு முறையெல்லாம் கற்றுத்தர வேண்டாம். சத்தமாகக் கதை வாசித்துக் காட்டுவது, கிழிந்த நூலை ஒட்டுவது, காயத்துக்கு முதலுதவி செய்வது, ஆபத்து வந்தால் குழந்தைகளை எந்த வழியாக எங்கே கொண்டு போவது என்ற நான்கையும் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒட்டுவது பற்றி ஒரு குறிப்பு: நம் ஊர் பைண்டிங் பட்டறைகளில் பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு. சின்னக் குழந்தைகள் நூலின் முனையை வாயில் வைக்கும் என்பதால் இந்த நூல்களுக்கு வெள்ளைக் கோந்தையும் துணி நாடாவையும் மட்டுமே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

நூல்களுக்கு வருவோம். பழைய புத்தகம் திரட்டி அனுப்பும் யோசனையைக் கைவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நல்ல மனத்தோடு திரட்டப்பட்ட மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தவன் நான். போன வருடத்து நீட் வழிகாட்டிகள், பாதி எழுதிய பயிற்சி நூல்கள், ஆங்கிலத்தில் கனத்த கலைக்களஞ்சியத்தின் ஒற்றைப் பாகம், அட்டை போன ஜோதிட நூல் என்று வரும்; ஏழு வயதுக் குழந்தை தானாக எடுத்துப் படிக்கக்கூடியது ஒரு மூட்டைக்கு நாலைந்து தேறினால் அதிகம். ஏற்றுக்கூலியும் சுங்கமும் கணக்கிட்டால், அதே பணத்தில் அந்த ஊர் மொழியிலேயே புதிதாக அச்சிட்டுவிடலாம். தாய்மொழி என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வீட்டை இழந்த குழந்தையிடம் வேற்று மொழிப் புத்தகத்தைக் கொடுத்தால், இதுவும் உன்னுடையது இல்லை என்று இன்னொரு முறை சொன்னதாகிவிடும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில், யாரும் தரவிறக்கி அச்சிடவும் மொழிபெயர்க்கவும் உரிமை தந்து வெளியிட்ட படக்கதைகள் தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வெளியிட்ட மெல்லிய நூல்கள் அளவுக்கு நல்ல மாதிரி. சில பக்கம், நடுவில் இரண்டு பின், பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். ஒரு குழந்தை ஒரே மாலையில் ஒரு நூலை முடித்துவிட்டேன் என்று சொல்ல முடிவது பள்ளி இல்லாத காலத்தில் மிகப் பெரிய விஷயம். நூல்களின் எண்ணிக்கையை ஏற்றுவதற்குப் பதில், குழந்தைகள் விரும்பும் நூலில் ஐந்து படி வாங்குங்கள். நண்பர்கள் ஒரே கதையை ஒரே வாரத்தில் படித்தால்தான் அதைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

எந்தக் கதை என்பதில் பெரியவர்கள் அவசரப்படுகிறார்கள். போரில் வாழும் குழந்தைக்குச் சமாதானத்தைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் கதை வேண்டும் என்று நினைக்கிறார்கள். முகாம் குழந்தைகள் தேடி எடுப்பது திருட்டுப் பூனையையும் பேசும் பூசணிக்காயையும் பேயையும்தான். லெப்மன் காளைக் கதையை அச்சிட்டதும் இதை அறிந்துதான் என்று நான் நினைக்கிறேன். இழப்பைப் பற்றிய நல்ல கதைகளும் பெட்டியில் இருக்கட்டும். அவற்றை எப்போது எடுப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். கொள்கைப் பிரசுரங்களையும் மதமாற்றப் பிரசுரங்களையும் எந்தத் தரப்பு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரவல் கொடுப்பதை நான் நூலகத்தின் உயிர் என்று கருதுகிறேன், அதைத்தான் நிறையப் பேர் பயந்து தவிர்க்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும், கொடுத்தால் திரும்பி வராது என்பார்கள். சென்னைக்கு வடக்கே ஒரு முகாமில் மாலை வேளையில் பார்த்ததைச் சொல்கிறேன். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி ஒரு நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நூலகம் நடத்தும் இளம்பெண்ணிடம், "அக்கா, இதை வீட்ட கொண்டு போகலாமோ? கிழிஞ்சா ஏசுவீங்களோ?" என்று கேட்டாள். அந்தப் பெண் பதில் சொல்வதற்கு முன், மேசை மேல் இருந்த துணி நாடாச் சுருளையும் ஏற்கெனவே ஒட்டுப் போட்ட வேறொரு நூலையும் எடுத்துக் காட்டி, "கிழிஞ்சா இங்க கொண்டு வா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒட்டுவம்" என்றாள். இரண்டு நாள் கழித்து அந்த நூல் ரேஷன் கடைப் பையில் நாலாக மடித்துச் சுற்றித் திரும்பி வந்தது. சொந்தமாக எதுவும் நிலைக்காத குடும்பத்தில் வளரும் குழந்தையை நம்பி ஒரு பொருளை ஒப்படைப்பதும், அது திரும்பி வரும் என்று ஒரு பெரியவர் எதிர்பார்ப்பதும் அந்தக் குழந்தையிடம் என்ன செய்கிறது என்பதை நூலகத்தில் வேலை பார்த்த எவரும் அறிவார்கள். சில நூல்கள் திரும்பாது. குடும்பம் இரவோடு இரவாக இடம்பெயர்ந்தால் நூலும் போகும், போகட்டும். அபராதம் வேண்டாம், துரத்திக் கேட்க வேண்டாம். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு நூல் போகும் என்று முதலிலேயே செலவுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

பதிவேட்டைப் பற்றி மிகக் கவனமாக இருக்க வேண்டும். நம் நூலகங்களில் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, பள்ளி எல்லாம் கேட்டு வாங்குகிறோம். போர் நடக்கும் ஊரில் அப்படி ஒரு நோட்டு, எந்த வீட்டில் எத்தனை வயதுப் பிள்ளை இருக்கிறது, அந்த வீடு எந்தச் சமூகம் என்பதைச் சொல்லும் பட்டியலாகிவிடும். கட்டாயமாக ஆள் சேர்ப்பவர்கள் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. குழந்தைக்கு ஒரு படம் போட்ட அட்டை கொடுங்கள். மயில் அட்டை, ஆமை அட்டை என்று இருக்கட்டும். நோட்டில் அட்டையின் பெயரும் நூலின் எண்ணும் மட்டும் போதும். புகைப்படமும் அப்படித்தான். நன்கொடையாளர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகக் குழந்தைகளின் முகத்தையும் கட்டடத்தின் வெளித்தோற்றத்தையும் இணையத்தில் போடவே கூடாது.

நூல் எங்கிருந்து வந்தது என்பதற்கு மதிப்புக் கொடுக்கும் முறைக்கு சிரியாவின் தரய்யா ஓர் உதாரணம். 2012 முதல் 2016 வரை முற்றுகையில் கிடந்த அந்த ஊரில், 2013-இன் இறுதியில் இளைஞர்கள் சிலர் இடிந்த வீடுகளிலிருந்து நூல்களை மீட்டு, ஒரு நிலவறையில் நூலகம் அமைத்தார்கள். ஆயிரக்கணக்கான நூல்கள் சேர்ந்தன. ஒவ்வொரு நூலிலும் அதன் உரிமையாளர் பெயரை எழுதி வைத்தார்கள், போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காக. 2016 ஆகஸ்டில் ஊரையே காலி செய்ய நேர்ந்தது. அதன் பின் நூலகம் சூறையாடப்பட்டது. அவர்கள் உழைப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை. முற்றுகையின் நடுவே ஏறக்குறைய மூன்று ஆண்டு அந்த ஊரில் வாசிப்பு நடந்தது. அங்கே நூல்களைக் கவனித்துக்கொண்டவர்களில் பதின்வயதுச் சிறுவனும் இருந்தான்.

மனக்காயம் பற்றி உங்கள் குழுவில் ஒருவர் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நூலகர் மருத்துவர் ஆக முயலக் கூடாது. நீ பார்த்ததை வரைந்து காட்டு, உனக்கு நடந்ததைச் சொல் என்று குழந்தையை ஒருபோதும் தூண்டக் கூடாது. கிளறிவிட்டு மூடத் தெரியாதவர் கிளறாமல் இருப்பதே நல்லது. ஒரே நூலை வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்கும் குழந்தையை, வேறு எடு என்று சொல்ல வேண்டாம். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று நிச்சயமாகத் தெரிவதே அதற்கு ஆறுதல். வாசலைப் பார்த்தபடி உட்கார விரும்பும் குழந்தையை அங்கேயே உட்கார விடுங்கள். பலூன் வேண்டாம், விசில் வேண்டாம். வாரக்கணக்காகப் பேசாத, சாப்பிடாத, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தையைக் கண்டால் யாரிடம் அழைத்துச் செல்வது என்ற பெயரும் இடமும் நூலகரின் கையில் எழுதியிருக்க வேண்டும்.

யாருக்காகத் திறக்கிறீர்கள் என்பதையும் முன்னமே பேசுங்கள். ஒரு தரப்புக் குழந்தைகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால் நூலகமும் சண்டையில் ஒரு தரப்பாகிவிடும். மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தமிழ்க் குழந்தைகளையும் முஸ்லிம் குழந்தைகளையும் ஒரே இடத்தில் சேர்த்து விளையாடவும் கதை சொல்லவும் வைத்தது, அதுவும் இரு சமூகங்களும் ஒருவரையொருவர் அஞ்சிய காலத்தில். எல்லா இடத்திலும் இது உடனே முடியாது. 2023 மே மாதத்தில் மூண்ட இனக் கலவரத்துக்குப் பிறகு மணிப்பூரில் மெய்தி மக்களும் குக்கி மக்களும் தனித்தனி நிவாரண முகாம்களில் இருக்கும்போது ஒரே அறையில் சேர்ப்பது ஆபத்து. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் அதே கதைகளை அவரவர் மொழியில் கொண்டு போவதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

இனி உங்கள் குழு எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சொல்கிறேன். வெளிநாட்டில் நூலகம் நடத்த ஆசைப்பட வேண்டாம். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுப் பணிக்கு அறக்கட்டளைப் பணம் அனுப்புவதில் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு; ஒரு கணக்குத் தணிக்கையாளரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. அங்கே ஏற்கெனவே நடத்துபவர்களுக்குத் தமிழ் நூல் தேவைப்பட்டால், அச்சுக்கான கோப்புகளைத் தயாரித்துக் கொடுங்கள். தமிழில் தெளிவாக எழுதவும் படம் போடவும் பிழை திருத்தவும் தெரிந்தவர்கள் சென்னையில் இருப்பது போல் வேறெங்கும் இல்லை. உங்கள் கைக்கு எட்டும் களம் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கிறது. 1983 முதல் வந்து சேர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறிய அந்த இடங்களில் வளர்கிறார்கள். அவர்கள் போரைப் பார்த்ததில்லை. போரால் உண்டான வாழ்க்கையை வாழ்கிறார்கள். 1984 முதல் இவர்களிடையே பணியாற்றும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தையும் முகாம் தலைவரையும் முதலில் போய்ப் பாருங்கள். முகாமுக்குள் எதைத் தொடங்கவும் அரசின் அனுமதி வேண்டும், அதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அனுமதி வர நாளாகும். அந்த இடைவெளியில் முகாமில் படித்து முடித்த பெண்களில் யார் மாலையில் மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும் என்று விசாரித்து இருவரைக் கண்டுபிடித்துவிடுங்கள். அவர்களுடைய மூன்று ஆண்டுச் சம்பளத்தை வங்கியில் தனியாகப் போட்டுவிட்டு, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அதற்குள் நூல் பட்டியலைப் போடுங்கள். பட்டியல் போடும்போது என்னையும் சேர்த்துக்கொண்டால் மகிழ்ச்சியோடு வருவேன்.